தாக்குதல் தொடங்கிய இடம்

கோல் விழுந்தது. மைதானத்தில் ஒருவரும் கத்தவில்லை.

கத்தக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கோலை வீடியோவில் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மறுபார்வை அறை வந்த பிறகு அந்த ஊர் ரசிகர்கள் பட்டுத் தெளிந்திருந்தார்கள். முதலில் கத்திவிட்டு, அந்தக் கத்தல் செல்லுமா என்று தெரியாமலே நிற்பது தொண்டைக்கும் கெடுதல், மானத்துக்கும் கெடுதல். ஆகவே பந்து வலைக்குள் போனதும் எல்லோரும் பாதி எழுந்து, பின்பக்கத்தை நாற்காலிக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக்கொண்டு, பெரிய திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். உட்கார்ந்தால் விசுவாசக் குறைவு; நின்றால் அவசரக் குடுக்கை. இந்த நடுநிலை அவர்கள் முட்டிகளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

கோல் போட்டவன் மட்டும் ஓடினான். அவனுக்குப் பழக்கமில்லை. பதினாறு வருஷமாகத் தடுப்பாட்டக்காரன். கூட ஆடுகிறவர்கள் வைத்த பெயர் சுவர். சுவரின் வேலை நிற்பது, வருவதை வாங்கிக்கொள்வது. இத்தனை வருஷத்தில் ஒரு கோல் போட்டதில்லை. சொந்த வலைக்குள் போட்ட இரண்டை அவன் சேர்த்துக்கொள்வதில்லை, மற்றவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். அன்றோடு ஓய்வு. ஆட்டம் முடிகிற நேரத்தில் கிடைத்த கார்னரில் யாரோ தட்டிய பந்து அவன் வலது தொடையில் பட்டு உள்ளே போய்விட்டது. தொடை என்றால் என்ன, உடம்பில்தானே இருக்கிறது?

ஓடியவன் மூலைக் கொடியருகே நின்று இரண்டு கையையும் தூக்கினான். பின்னால் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினான். ரெஃப்ரி ஒரு விரலைக் காதில் வைத்தபடி, மாமியார் போனில் திட்டுவதைக் கேட்கும் மருமகன் முகத்தோடு நின்றிருந்தார். பிறகு இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார். டிவிப் பெட்டி. மறுபார்வை.

"கையை இறக்குப்பா," என்றார் அருகில் வந்து. "இப்பவே சந்தோஷப்பட்டா அப்புறம் அதுக்கும் சேர்த்து விசாரிப்பாங்க."

"கோல்தானே சார்? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அதனாலதான் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

சுவர் கையை இறக்கினான். திரையில் 'பரிசீலனையில்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, முழுதாக நிமிராமலே, பாதி குனிந்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

முடிவு அன்று வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை.

இதில் ஒரு சிக்கல். அது கோல் என்றால் சுவரின் அணி முதல் பிரிவில் தங்கும். கோல் இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். அடுத்த சீசனோ வாசலில் வந்து நின்றது. மறுபார்வை ஆணையம் கலங்கவில்லை. முடிவு வரும்வரை அணி இரண்டு பிரிவிலும் ஆடலாம் என்று பெருந்தன்மையோடு அறிவித்தது. சனிக்கிழமை முதல் பிரிவு, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பிரிவு. "சனிக்கிழமை பெரியவங்ககிட்ட உதை வாங்கறோம், ஞாயித்துக்கிழமை அந்த வலியோட சின்னவங்ககிட்ட உதை வாங்கறோம்," என்றார் பயிற்சியாளர். "எந்தப் பிரிவுன்னாலும் சரி, ஒண்ணு போதும் சாமி."

சுவர் ஓய்வு கேட்டான். மறுத்துவிட்டார்கள். சான்றுப்பொருள் ஓய்வு பெற முடியாதாம். சான்றுப்பொருள் என்றால் வலது தொடை. அது கோல் விழுந்த அன்றைய அளவிலேயே இருக்கவேண்டும் என்பதால் திங்கள்தோறும் ஓர் அதிகாரி அளவு நாடாவோடு வீட்டுக்கு வந்தார். அவன் சற்று மெலிந்தால் முகம் சுளித்தார். சற்றுப் பெருத்தால் இன்னும் சுளித்தார்.

"எத்தனை வருஷம் ஓடி உழைச்ச தொடை! இப்பத்தான் அதுக்கு ஒரு மரியாதை," என்றாள் மனைவி, அதிகாரிக்குக் காபி கொடுத்தபடி. "அப்படியே அந்த நாடாவால இவர் வயித்தையும் ஒரு தடவை அளந்துடுங்க சார். நான் சொன்னா நம்பமாட்டேங்கறாரு."

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம்? வெளியே அவன் 'அதெல்லாம் பெரிசில்ல' என்று சொல்லித் திரிந்தாலும், குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் பாதி தூக்கிப் பார்த்து இறக்கிக்கொள்வது அவளுக்குத் தெரியும். அவனுக்கு அந்தக் கோல் வேண்டும். அவ்வளவுதான். பேரப்பிள்ளை பிறந்தால் சொல்ல ஒன்று.

ஒருவழியாக விசாரணைக்கு அழைத்தார்கள்.

ஆணையத்தின் கூடத்தில் ஜன்னலே இல்லை. நாலு பக்கமும் திரைகள். எல்லாத் திரையிலும் ஒரே தொடை, வெவ்வேறு கோணங்களில். தன் தொடையை இத்தனை பேர் நடுவில் பார்க்கச் சுவருக்குக் கூச்சமாக இருந்தது. நடுநாயகமாக ஆணையத் தலைவர். கால்பந்து பற்றிப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் செய்தவர். பந்து உருண்டையானது என்ற அளவில் அவருக்கு அதோடு நேர்ப் பழக்கமும் இருந்தது.

"முன்பெல்லாம்," என்று தொடங்கினார் தலைவர், "ஒரு ரெஃப்ரி, ஒரு விசில், ஒரு நொடி. அந்த நொடியில் முடிவு. எவ்வளவு பிழைகள்! இந்த அறை திறந்த நாளிலிருந்து எங்கள் முடிவு ஒன்றைக்கூட யாராலும் குறை சொல்ல முடிந்ததில்லை. ஒன்று வெளியே வந்தால்தானே சொல்வார்கள்?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். அவர் பேசியதில் ஏதோ ஓட்டை இருப்பதாகச் சுவருக்குப் பட்டது. கைதட்டல் ஓய்வதற்குள் அது எங்கே என்று பிடிபடவில்லை.

முதல் சாட்சி எதிரணி கோல்கீப்பர்.

"என்ன சார் பேச்சு? வலையிலேர்ந்து பந்தைக் குனிஞ்சு எடுத்தது நான்தான். கோல்தான்."

"அப்போது நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள்?"

"தூரம் என்ன தூரம்? என் ரெண்டு காலுக்கு நடுவுலதானே போச்சு!"

தலைவர் பரிவோடு தலையாட்டினார். "மிக அருகில் இருந்திருக்கிறீர்கள். அருகாமை பார்வையைக் கெடுக்கும். நீங்கள் போகலாம்."

பிறகு அவர் விதியை வாசித்தார். ஒரு கோலைச் சோதிப்பதென்றால் தாக்குதல் எங்கே தொடங்கியதோ அங்கிருந்து சோதிக்கவேண்டும். நடுவில் தப்பு நடந்திருந்தால் கோல் செல்லாது. இந்தத் தாக்குதல் எங்கே தொடங்கியது? கார்னரில் என்றார் ஒரு ஊழியர். கார்னர் எப்படி வந்தது? எதிரணி ஆள் பந்தை வெளியே தட்டியதால். ஏன் தட்டினான்? சுவர் முன்னால் ஓடி வந்ததால். சுவர் ஏன் மைதானத்தில் இருந்தான்? அதுவரை ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று வெளியேறியதால். அவன் ஏன் வெளியேறினான்?

வெளியேறியவனே எழுந்து நின்றான். சுவரின் உயிர்த் தோழன். நடுக்காவலில் நிற்பதால் பெயர் பூட்டு. "வயிறு சார்," என்றான். "கலக்கிடுச்சு. போன வேகத்துக்கு அன்னிக்கு என்னை மிஞ்ச மைதானத்துல ஆளே இல்ல."

"ஆக," என்றார் தலைவர் மெல்ல, "தாக்குதல் வயிற்றில் தொடங்கியிருக்கிறது."

கூடம் சிலிர்த்தது.

"முந்தைய நாள் என்ன சாப்பிட்டீர்கள்?"

"வறுத்த மீன் சார். இவன் வீட்டுலதான். இவன் பாப்பாவுக்குப் பிறந்தநாள்."

எல்லாத் தலையும் சுவர் பக்கம் திரும்பியது.

"சமைத்தது யார்?"

"இவன் சம்சாரம்."

"அவர் என்ன செய்கிறார்?"

"மருந்துக் கடையில இருக்காங்க."

ஒருவர் பேனாவைக் கீழே போட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூட்டுக்கு அப்போதுதான் தான் சொன்னதன் வடிவம் புரிந்தது. "சார், சார்! நானா கேட்டு வாங்கித்தான் தின்னேன்! அவங்க கையால எத்தனையோ தடவை தின்னிருக்கேன்! டேய் மாப்ள, நீ சொல்லேன்டா!"

"பாதிக்கப்பட்டவர் உணர்ச்சிவசப்படுகிறார்," என்றார் தலைவர். "இருப்பவற்றில் மிகவும் சந்தேகத்துக்குரியது நட்புதான். வீட்டு விழாவில் யாராவது படம் எடுத்திருப்பார்களே?"

எடுத்திருந்தான், மனைவியின் தம்பி, போனில். அதை அடுத்த அமர்வில் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

அன்று வீட்டுக்கு வந்த சுவர், அடுப்படி வாசலில் நின்று மனைவி கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வாணலியில் போட்டாள்.

"என்ன பார்வை அது?"

"ஒண்ணுமில்ல. என்ன போட்டே?"

"உப்பு." அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஓகோ. அப்படிப் போகுதா கதை? நானும் ஒண்ணு கேக்கறேன். பூட்டு அண்ணன் விழுந்தாத்தானே உங்களுக்கு இடம்? கடைசி ஆட்டம், பெஞ்சுல உக்காந்து முடிஞ்சுடுமோன்னு ராத்திரியெல்லாம் புரண்டது யாரு?"

"ஏய், நான் போய் அப்படிச் செய்வேனா?"

"நான் மட்டும் செய்வேனா?"

அன்றுமுதல் அவள் அவன் முன்னால் ஒரு வாய் தின்று காட்டிவிட்டுத்தான் பரிமாறினாள். அந்தக் காலத்து ராஜாக்களுக்கு அப்படி ஓர் ஆள் இருந்ததாகச் சொல்வார்கள். ராஜாக்களும் நிம்மதியாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த அமர்வுக்கு மனைவியும் வரவேண்டியிருந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெரிய திரையில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. அதன் குறுக்கே, தட்டுக்குத் தட்டு, ஆஃப்சைடு கோடுகள் போட்டிருந்தார்கள். நீலக் கோட்டைத் தாண்டி ஒரு மீன் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சாதாரண வேகத்தில் ஓட்டினார்கள். பாப்பா கேக் வெட்டுகிறது. கூச்சல். மேஜைக் கோடியில் சுவர் தன் தட்டிலிருந்த மீன் துண்டைப் பூட்டின் தட்டுக்குத் தள்ளுகிறான். "மீன் பிரமாதம்!" என்கிறான். பூட்டு விழுங்குகிறான். முடிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற, எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதி.

"இப்போது மெதுவாக," என்றார் தலைவர்.

மெதுவாக ஓட்டினார்கள். திரையிலிருந்த மனிதன் முதலில் மீனைப் பார்த்தான். பிறகு இடப்பக்கம் பார்த்தான். பிறகு வலப்பக்கம். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டவன்போல அவன் உதடு ஒரு பக்கமாக விரிந்தது. பல் தெரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மீனைச் சுற்றி வளைந்தன. மீன் தட்டைவிட்டுக் கிளம்பி, காற்றில் நீந்தி, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவியின் தட்டில் இறங்கியது. "மீஈஈன்... பிரமாஆஆதம்..." என்றது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். இந்த ஆளை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று சுவருக்கே தோன்றியது.

"கவனியுங்கள்," என்றார் தலைவர். "சாதாரண வேகத்தில் எதுவுமே தெரியவில்லை. இதுதான் இயற்கையின் குறை. மெதுவாக்கினால்தான் நோக்கம் தெரிகிறது. இதுவரை நாங்கள் மெதுவாக்கிப் பார்த்ததில் நோக்கம் இல்லாத மனிதன் ஒருவனைக்கூடக் கண்டதில்லை. கைக்குழந்தை உட்பட."

பிறகு படத்தை நகர்த்தி அடுப்படி வாசலுக்குப் போனார்கள். மனைவி நின்றிருந்தாள். அவள் இமைகள் கனத்துக் கீழே இறங்கின. வெகுநேரம் மூடியிருந்தன.

"அம்மா, இந்தச் சைகை யாருக்கு?"

"சைகையா? கண் சிமிட்டறேன் சார்."

"இவ்வளவு நேரமா?"

"நீங்க மெதுவா ஓட்டறீங்க. இப்படி ஓட்டினா தூங்கற மாதிரி இருக்கும். அங்கயே நிறுத்திட்டீங்கன்னா செத்துட்ட மாதிரி இருக்கும். எதுக்கும் எனக்கு ஒரு மாலை வாங்கி வெச்சுக்கங்க."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று பார்க்க ஒரு கேமரா திரும்பியது. சிரிப்பு நின்றது.

தலைவர் சுவர் பக்கம் சாய்ந்தார். குரலில் தேன் வழிந்தது. "தம்பி, ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்குள் நாய் ஓடிவந்தால் நாயைத்தான் வெளியேற்றுவோம், ஆட்டத்தை அல்ல. அது வெளியார் குறுக்கீடு. அணியின் தப்பு ஆகாது. அன்றைய மீன் கெட்ட மீன் என்றால் குறுக்கிட்டது உங்கள் மனைவி. கோல் செல்லும். நல்ல மீன் என்றால், நல்ல மீனைத் தின்று ஒருவர் வயிறு கெட வழியில்லை. கெடுத்தது பரிமாறிய உங்கள் கை. கோல் செல்லாது. நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மீன் கெட்டிருந்தது, அவ்வளவுதான்."

"சொன்னா இவளுக்கு என்ன ஆகும் சார்?"

"ஒன்றும் ஆகாது. தண்டிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. இவருடைய படமும் பெயரும், 'குறுக்கிட்ட வெளியார்' என்ற குறிப்போடு, எல்லா மைதானத் திரைகளிலும் இந்த சீசன் முழுக்க ஓடும். வெளிப்படைத்தன்மை."

மருந்துக் கடைக்காரி பரிமாறிய மீனில் ஒரு ஆட்டக்காரன் விழுந்தான் என்று ஊரே படிக்கும். அப்புறம் அவள் கையால் யார் காய்ச்சல் மாத்திரை வாங்குவார்கள்?

சுவர் திரையைப் பார்த்தான். ஓரத்தில் இன்னும் அவன் தொடை ஓடிக்கொண்டிருந்தது. பந்து வருகிறது, படுகிறது, போகிறது. பந்து வருகிறது, படுகிறது, போகிறது. எவ்வளவு அழகாகப் போகிறது! அவன் வாயைத் திறந்தான்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி, நேராகப் பார்த்துக்கொண்டு. "பதினாறு வருஷமாக் காத்திருந்து கிடைச்சது. என்னால எதுக்குக் கெடணும்? தாராளமாச் சொல்லுங்க."

அந்த 'தாராளமா'வுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கேமராவும் இல்லை.

"மீன் பிரமாதம் சார்," என்றான் சுவர்.

கோல் செல்லாது என்று தலைவர் அறிவித்தார். ஊழியர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு முடிவு வெளியே வருவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சிலர் கைதட்டலாமா என்று பாதி எழுந்து, அப்படியே நின்று, தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. தொடைக்கு விடுதலை கிடைத்தது. தடுப்பாட்டக்காரனுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

வாசலில் கார் வருவதற்காகக் காத்திருந்த தலைவர், சுவரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். மேடைத் தமிழைக் கூடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

"சும்மா கேக்கறேன் தம்பி, மனசுல வெச்சுக்காதே," என்றார் காதோடு. "அன்னிக்குப் பந்து உள்ள போச்சா?"

கணவனும் மனைவியும் பஸ் பிடித்தார்கள். கூட்டமில்லை. பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் அவள். "அன்னிக்கு மீன்ல ஒரு வாடை இருந்துச்சுல்ல?"

அவன் முன் இருக்கையின் கம்பியைத் தடவினான். "லேசா."

"அப்ப எதுக்குப் பிரமாதம்னீங்க?"

"நீ வாசல்ல நின்னு என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தே. வேற என்ன சொல்றது?"

"சொன்னீங்க சரி. அதைத் தூக்கி அந்த மனுஷன் தட்டுல எதுக்கு வெச்சீங்க?"

"என் தட்டுல மிச்சம் இருந்தா நீ கண்டுபிடிச்சுடுவே. அவன் கல்லைப் போட்டாலும் தின்பான். ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

அவள் அவனையே பார்த்தாள். "எனக்கும் வறுக்கறப்பவே சந்தேகம். நீங்க பிரமாதம்னதும், சரி, நம்ம மூக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன். பூட்டு அண்ணன் கேக்கக் கேக்க வெச்சேன்."

அவன் திரும்பினான். "அப்படின்னா தலைவர் சொன்னது..."

"வாயை மூடுங்க."

முதலில் சிரித்தது அவள். பிறகு அவன். அடக்க அடக்கப் பொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. முன்னாலிருந்த பயணி திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"எப்படி ஓடினீங்க அன்னிக்கு?" என்றாள் அவள் மூச்சு வாங்க. "நான் கடையில இருந்துட்டேன். பார்க்கவே இல்ல. காட்டுங்க."

"போடி. பஸ்ல போயா?"

"அட காட்டுங்கங்கறேன்!"

அவன் இரண்டு கையையும் தூக்கினான். இந்த முறை முழுதாக, பஸ் கூரையில் இடிக்கும்வரை. அவள் இருக்கையைவிட்டு எழுந்து, முதன்முதலாக அந்தக் கோலுக்கு ஒருவர் கத்தவேண்டிய கத்தலைக் கத்தினாள்.

"கோஓஓல்!"

அப்போதுதான் அவள் கண் ஓட்டுநர் தலைக்கு மேலே போனது. அங்கே ஒரு சின்னக் கேமரா. பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. எரிந்துகொண்டிருந்தது.

அவள் சட்டென்று உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்:

"கையை வேகமா இறக்குங்க. மெதுவா இறக்கினா வேணும்னே பண்ண மாதிரி தெரியும்."